நம் தலையை நாமே எண்ணுவோம்

(மும்பையின் தாராவியில் நடந்த பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, காலையில் தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துவிட்டு, புகைமணம் போகாத சேலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தாராவியின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். வெளியே தாராவி என்றால் குப்பை, இல்லாவிட்டால் தாதா. அந்த இரண்டையும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் எப்போது இங்கே வந்தார்கள், அதற்குச் சான்று யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் நான் பேசுகிறேன். தாராவியை மறுபடி கட்டும் திட்டத்துக்குக் கணக்கெடுப்பவர்கள் இன்று நம் வாசலில் வந்து நின்று கேட்கிற கேள்வியும் அதுதானே.

நமக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். கோலிவாடா இன்றும் இருக்கிறது. மாஹிம் கழியில் மீன் பிடித்து வாழ்ந்த மக்கள். காலா கில்லா என்று பஸ் நிற்கிறதே, அங்கே உண்மையிலேயே ஒரு கோட்டை இருக்கிறது. 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது. தண்ணீர் வழியாக எதிரி வந்துவிடக் கூடாதே என்று காவலுக்குக் கட்டினார்கள். அப்படியானால் இந்த இடம் எவ்வளவு தூரம் தண்ணீராக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்தச் சதுப்புக்குத்தான் நம் திருநெல்வேலிக்காரர்கள் வந்தார்கள். தோல் பதனிடும் வேலையை ஊருக்குள் வைத்துக்கொள்ள பம்பாய்க்கு மனமில்லை. நாற்றம் அடிக்கிறது, ஓரமாகப் போ என்று தள்ளியது. 1887 வாக்கில் முதல் தோல் பதனிடும் கூடம் இங்கே வந்தது. பெரிய மசூதியும் அதே ஆண்டு என்று சொல்வார்கள். பாந்த்ராவில் ஆடு மாடு வெட்டும் கூடம் இருந்ததால் பச்சைத் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. நெல்லைச் சீமை முஸ்லிம்கள் தொழிலை நடத்தினார்கள். அதே சீமையின் ஆதிதிராவிடர்கள் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார்கள். ஊறிய தோலை இழுத்துப் போட்டு, மயிர் நீக்கி, சதை சுரண்டி, கை வெந்துபோன மனிதர்கள் அவர்கள். ஊரில் சாதி அவர்களை எந்த இடத்தில் நிறுத்தியதோ, அதே வேலைதான் இங்கேயும் கிடைத்தது. ஆனால் இங்கே கையில் கூலி காசாக வந்தது. அந்தக் காசில் சங்கம் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கணேசர் கோயில் 1913இல் எழுந்தது. குழியில் இறங்கியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

1930களில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பர்வாடாவை அமைத்தார்கள். பிறகு உத்தரப் பிரதேசத்திலிருந்து தையல்காரர்கள், ஜரிகை வேலைக்காரர்கள் வந்தார்கள். யாருக்கும் இங்கே வீட்டுமனை காத்துக்கொண்டிருக்கவில்லை. தேங்காய் மட்டை, குப்பை, மண், உடைந்த செங்கல் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி, மழைக்குக் கரைந்தால் மறுபடி கொட்டி, கால் ஊன்ற ஓர் இடம் செய்தார்கள். நகரத்தின் நடுவில் விலை மதிக்க முடியாத நிலம் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். இதை நிலமாக்கியது நம் பாட்டன் பாட்டிகளின் கூடை.

அரசாங்கம் எப்போது நம்மை எண்ணியது? 1971இல் மகாராஷ்டிரத்தில் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. 1976 ஜனவரியில் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். போட்டோபாஸ் என்று படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். குடும்பமே நின்று பிடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் பல வீடுகளில் இன்னும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆனால் அதே 1976இல் நடந்த இன்னொன்றை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. மான்கூர்டில் ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு. சுமார் 70,000 பேர் இருந்தார்கள். தமிழர்கள் நிறைய. பக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்துக்கு இடம் தேவை என்றார்கள். அங்கே ஜோக்கின் அற்புதம் என்று ஓர் இளைஞர். கோலார் தங்க வயலில் பிறந்து, தச்சு வேலை செய்துகொண்டு, 1960களில் பம்பாய்க்கு வந்தவர். காலனிப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடச் சொல்லிக்கொடுத்தார். குப்பை அள்ள ஆள் வரவில்லை என்றதும், அதே பிள்ளைகளோடு குப்பையைத் தூக்கிக்கொண்டு போய் முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் கொட்டினார். காலனியைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் கோர்ட்டிலும் தெருவிலும் போராடினார்கள். எமர்ஜென்சி வந்தது. 1976 மே மாதம் போலீஸை நிறுத்தி வைத்துக்கொண்டு இடித்தார்கள். கழிமுகச் சேற்றோரம் ஆளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். அதுதான் சீத்தா கேம்ப். அங்கே நமக்குச் சம்பந்திகள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி முதலிலிருந்து மண் கொட்டினார்கள்.

ஜோக்கின் அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவுக்காகவே இன்று அவரைப் பற்றிப் பேச ஆசைப்பட்டேன். கணக்கு அரசாங்கத்தின் கையில் மட்டும் இருந்தால் வழக்கும் அதன் பக்கம்தான். ஆகவே தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை வளர்த்து, மக்களே மக்களை எண்ணும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். கதவில் சாக்பீஸால் நம்பர் போடுவது, வீட்டுப் பெண்களே நோட்டில் எழுதுவது, எழுதியதைத் தெருவில் வாசித்துக் காட்டித் திருத்துவது, அவ்வளவுதான் முறை.

1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாயின் குடியிருப்புகளைச் சீரமைக்க 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு என்று வந்தது. அரசு தரப்பில் ஒரு குடும்பக் கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு கூட்டமைப்பு தானே இறங்கி எண்ணியது. அரசு சொன்னதைவிட மிக அதிகமாக, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்று வந்தது. இது வெறும் எண் விவகாரம் என்று நினைக்காதீர்கள். கணக்கில் விட்டுப்போன குடும்பத்துக்குத் திட்டத்தில் வீடு கிடையாது, வெளியே போக வேண்டியதுதான். ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீயும் வந்தன. 2018இல் காலமானார். அந்த நோட்டுகள்தான் அவருக்குச் சிலை என்பேன்.

இப்போது தாராவியை மறுபடி கட்டும் திட்டத்துக்காக மறுபடியும் கணக்கெடுப்பு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே வீடு என்கிறார்கள். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். மாடியில் யார் இருக்கிறார்கள்? கல்யாணமான தம்பி. ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். மூன்று மணிக்கு எழுந்து மாவு கலக்கி, இட்லித் தூக்கோடு சைக்கிளில் போகிறவர். கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் அடுப்பு ஒன்று, தண்ணீர்க்குழாய் ஒன்று, துக்கம் ஒன்று. ஏணிப்படியில் கோடு போட்டுக் குடும்பத்தை இரண்டாக்குவது நியாயமில்லை என்று இந்த மேடையில் உரத்துச் சொல்கிறேன்.

சான்று கேட்கிறார்கள். சான்று நம்மிடமே கிடக்கிறது. நம் ஊர்ச் சங்கங்களின் சந்தா நோட்டைத் திறந்து பாருங்கள். யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தச் சாலில், அதாவது எந்த வரிசை வீட்டில் இருந்தார், யார் இறந்தபோது ஊருக்கு உடலை அனுப்ப எவ்வளவு கொடுத்தோம், எல்லாம் மையில் எழுதியிருக்கிறது. முனிசிபல் தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் விலாசமும் இருக்கும். சீட்டுப் பிடித்த அக்காவின் நோட்டு, பழைய ரேஷன் கார்டு, லைட் பில், கோயில் வரி ரசீது. அதிகாரி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்கலாம். ஒவ்வொன்றையும் ஏற்கமாட்டார். ஆனால் ஒரு தெருவின் எல்லாத் தாள்களும் ஒரே இடத்தில் சேர்ந்தால், அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

ஆகவே படித்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் மேஜை போட்டு உட்காருங்கள். ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு. கீழ் வீடு, மாடி வீடு இரண்டையும் எழுதுங்கள். பெரியவர்கள் வாயால் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள். தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாய்மார்களே, அசல் காகிதத்தை யார் கேட்டாலும், நான் கேட்டாலும், கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.