சக்கரம் வந்தது வேறு மில்லிலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

மான்செஸ்டர் விமான நிலையத்தை ஒட்டினாற்போல் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதில் போலின் என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். பவானியைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பெரிய வாய்க்கால், அவ்வளவுதான். அந்த ஆற்றை நம்பி 1784ல் சாமுவேல் கிரெக் என்ற வியாபாரி ஒரு நூற்பாலை கட்டினார். ஊர் ஸ்டையல், மில்லின் பெயர் குவாரி பேங்க். 1959ல் ஓட்டம் நின்றது. 1978ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கோயம்புத்தூர் மில் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். மகள் அந்தப் பக்கம் குடியிருப்பதால் அங்கே போய்ப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

மில் என்றால் நமக்குப் புகைபோக்கிதான் ஞாபகம் வரும். ஆனால் பஞ்சாலைகள் பிறந்தபோது நிலக்கரி இல்லை, தண்ணீர்தான். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771ல் டார்பிஷயரின் குரோம்ஃபோர்டில் தொடங்கிய மில் ஓடையில்தான் ஓடியது. அவருடைய நூற்பு இயந்திரத்துக்கே ‘வாட்டர் ஃபிரேம்’ என்றுதான் பெயர். அதனால்தான் அந்தக் காலத்து மில்கள் நகரத்தில் இல்லாமல் ஆற்று வளைவுகளிலும் காட்டோரங்களிலும் கிடக்கின்றன. தண்ணீர் இருக்கும் இடத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். இந்தச் சிக்கல்தான் பின்னால் பெரிய கதையாகிறது. வருகிறேன்.

முதலில் சக்கரம். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 1818ல் தாமஸ் ஹியூஸ் என்ற பொறியாளர் இங்கே 32 அடி விட்டத்தில் ஓர் இரும்புச் சக்கரம் நிறுவினார். ஏறக்குறைய 100 குதிரைத் திறன். இத்தனை சின்ன ஆற்றில் அது எப்படி முடிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். அப்புறம் ஆற்றின் மட்டத்துக்கும் கீழே ஆழமாகக் குழி தோண்டி அதற்குள் சக்கரத்தை இறக்கினார்கள். குழிக்குள் விழும் தண்ணீர் அங்கேயே ஆற்றில் கலக்க முடியாதே! அதற்காகப் பூமிக்கடியில் ஒரு சுரங்கம் வெட்டி, வெகுதூரம் கீழே, ஆறு தாழ்ந்து ஓடும் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆறு கொடுக்காத உயரத்தை மண்வெட்டியால் சம்பாதித்திருக்கிறார்கள்.

கோடையில் தண்ணீர் குறைந்தால்? 1810லேயே பவுல்டன் - வாட் நிறுவனத்தின் சின்ன நீராவி இயந்திரம் ஒன்றை வாங்கித் துணைக்கு வைத்துக்கொண்டார் கிரெக். தண்ணீர் இருக்கும்வரை தண்ணீர், இல்லாதபோது நிலக்கரி. நாங்கள் மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வைத்த அதே கணக்கு.

இன்று அங்கே சுற்றும் சக்கரம் ஹியூஸ் செய்தது இல்லை. 1904ல் அதை ஓரங்கட்டிவிட்டு டர்பைன் போட்டுவிட்டார்கள். இப்போது இருப்பது யார்க்ஷயரில் கிளாஸ்ஹவுசஸ் என்ற வேறொரு மில்லில் இருந்த 25 அடிச் சக்கரம். அதை வடிவமைத்தவர் வில்லியம் ஃபேர்பேர்ன். ஹியூஸிடம் வேலை பார்த்தவர். 1980களில் பழுது பார்த்து இங்கே பொருத்தினார்கள். மதகைத் திறந்ததும் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. சக்கரத்தின் விளிம்பில் உள்ள வாளிகள் ஒவ்வொன்றாக நிறைகின்றன, ஒரு முனகல் கேட்கிறது, பிறகு மெல்ல அசைகிறது. ஓட ஆரம்பித்தபின் அவசரம் என்பதே கிடையாது. விசையை நடு அச்சிலிருந்து எடுக்காமல் விளிம்பில் பல்சக்கரம் கோத்து எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆரக்கால்கள் அவ்வளவு மெலிதாக இருந்தாலும் போதுகிறது. பெல்ட்டும் பேரிங்கும் மாற்றியே கை தேய்ந்த எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேல் தளங்களில் இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். கார்டிங் என்கிற பஞ்சு சீவும் வேலை, நூற்பு, தறி எல்லாம் உண்டு. ஓட்டுவது ஏதோ சில தறிகளைத்தான். அதற்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. லங்காஷயர் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்களாம். நம்ம ஊர் மில்லில் சைகையிலேயே ‘டீ குடிக்கப் போகலாமா’ என்று கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அங்கே பஞ்சு பறக்கவில்லை, வெக்கை இல்லை, தரை சுத்தமாக இருக்கிறது. நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அந்தப் புழுக்கத்தையும், எண்ணெய் ஊறிய மரத்தரையில் வெறுங்காலோடு நடந்ததையும் எந்த அருங்காட்சியகத்தாலும் காட்ட முடியாது. அதைப் பார்வையாளர்தான் மனசுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஆள் இல்லாத சிக்கலுக்கு வருவோம். கிரெக் அதற்குக் கண்ட வழி அனாதை விடுதிகளும் ஏழைகள் விடுதிகளும். அங்கிருந்த பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார். 1790ல் அவர்களுக்கென்று மில்லிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு விடுதி கட்டினார். சேரும்போது ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். சோறும் துணியும் படுக்கையும் உண்டு, கூலி கிடையாது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கழிவுப் பஞ்சைக் கூட்டுவது சின்ன உடம்புக்காரர்களின் பொறுப்பு.

1806ல் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்று இரண்டு பையன்கள் அங்கிருந்து ஓடிப்போனார்கள். தாமஸுக்குப் பதின்மூன்று வயது, ஜோசப்புக்குப் பதினேழு. எங்கே போனார்கள்? லண்டனுக்கு, நடந்தே. அங்கே நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்தார்கள். அந்த வாக்குமூலங்கள் இன்றும் இருக்கின்றன. செஃப்டன் குறையே சொல்லவில்லை. அறைகள் சுத்தம், வருஷத்துக்கொரு முறை வெள்ளையடிப்பார்கள், ஒரு படுக்கையில் இரண்டு பேர், மாதம் ஒருமுறை விரிப்பு மாற்றுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை என்று வரிசையாகச் சொல்கிறான். பிரீஸ்ட்லியின் இடது கை ஆள்காட்டி விரலை இயந்திரம் பிய்த்துவிட்டது. காயம் ஆறும் நாட்களில் அம்மாவின் நினைப்பு வந்து, பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவன் கிளம்பிய காரணம் அதுதான். விசாரணை முடிந்து இருவரையும் மில்லுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

நல்ல முதலாளி என்று கிரெக்குக்கு அந்தக் காலத்திலேயே பெயர். பிள்ளைகளுக்கென்று மருத்துவரே வைத்திருந்தார். பக்கத்திலேயே தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார். அந்த வீடுகளில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அதே குடும்பத்துக்குக் கரீபியன் கடலில், டொமினிக்கா தீவில், அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது. மில்லுக்கு வந்த பஞ்சும் பெரும்பாலும் அடிமைகள் பறித்ததுதான். ‘நல்ல’ என்ற சொல்லை நான் அங்கே கொஞ்சம் தள்ளியே வைத்தேன்.

என்னைக் கேட்டால் குவாரி பேங்கின் உண்மையான சொத்து அந்தச் சக்கரம் இல்லை. சக்கரம் வேறு மில்லிலிருந்து வந்தது. இன்னொன்று கிடைத்தால் அதையும் பொருத்தலாம். காகிதங்கள் அந்த மில்லுக்கே உரியவை. ஒப்பந்தங்கள், கூலிக் கணக்குகள், கடிதங்கள் என்று கட்டுக்கட்டாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1939ல் குடும்பத்தார் மில்லை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அமைப்பிடம் கொடுத்த பின்னும் அவற்றை யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் 200 வருஷத்துக்கு முந்தைய ஒரு பையனின் விரல் எது என்றுகூட நமக்குத் தெரிகிறது. நான் வேலை பார்த்த மில் மூடியபோது இயந்திரங்கள் டன் கணக்கில் பழைய இரும்புக்குப் போயின. அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் புரிந்துகொள்ள முடிந்தது. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடுகளும் விபத்துப் பதிவேடுகளும் அதே லாரியில் எடைக்குப் போனதைத்தான் இன்றுவரை ஏற்க முடியவில்லை. புகைபோக்கியை மட்டும் விட்டு வைத்தார்கள், மனைப்பிரிவுக்கு அடையாளமாக.

தண்ணீரில் ஓடிய மில் நம்மிடமும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணியின் வேகத்தை வைத்தே பஞ்சாலை ஓட்டினார்கள். அங்கே குடும்பத்தில் மூன்று தலைமுறை வேலை பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். கோயம்புத்தூரில் 1930களில் மில்கள் பெருகியதற்கும் நீலகிரியில் பைக்காரா தண்ணீர் கொடுத்த மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் கம்பி வழியாக வந்தது, அவ்வளவுதான்.

ஸ்டையல் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர் ஸ்டேஷனில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. வில்ம்ஸ்லோவில் இறங்கிக்கொள்வது வசதி. பிள்ளைகள் விடுதியை வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க வேண்டும், அதனால் சக்கரத்திடம் மயங்கி நிற்பதற்கு முன் விடுதிக்கு எப்போது இடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிகள் நிறைய, ஆற்றங்கரை வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.