பல்செட்டு போன கதை

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், கடற்காற்றில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். வணக்கம் இத்தோடு முடிந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் வணக்கம் சொல்லியே பாதி நேரத்தைக் கரைத்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு பாட்டி இரண்டு தடவை தூங்கி எழுந்துவிட்டார்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிராணி விருந்தாளியின் பொருளைப் பாழாக்கிவிட்டால், உறவைக் காப்பது மனதாரக் கேட்கும் மன்னிப்பா, கையில் கொடுக்கும் ஈடா? நான் ஈடு கட்சி. ஏன் இந்தக் கட்சி என்று கேட்டால், விழாக் கமிட்டி கொடுத்த கட்சி, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், எங்கள் குடும்பமே இந்தக் கட்சிதான்.

எங்கள் சித்தப்பா வீடு உச்சிப்புளி பக்கம். மகளைக் கட்டிக்கொடுத்து முதல் மாப்பிள்ளை விருந்து. மதுரையிலிருந்து சம்பந்தி குடும்பத்தோடு வருகிறார். மதுரைக்காரர்கள் நம் கடற்கரைக்கு விருந்துக்கு வந்தால் மனசில் ஒரே நினைப்புதான், நண்டு. பஸ் ஏறும்போதே போன். 'சம்பந்தி, நண்டு கெடைக்கும்ல?' மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

வந்தார். ராத்திரி லேசாக இட்லி சாப்பிட்டார், வயிற்றை மறுநாள் நண்டுக்குக் காலியாக வைத்திருக்க வேண்டுமே. திண்ணையில் காற்றாடப் படுத்தார். படுக்கும் முன்னால் வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றினார். மேலும் கீழும் முழுசெட்டு. வெள்ளி டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் போட்டுத் தலைமாட்டில் வைத்தார். காய்ந்தால் வடிவம் மாறிவிடும், ராத்திரி தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். சம்பந்தி டாக்டர் சொல்லைத் தட்டாதவர்.

இப்போது நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்கு ஒரு நாய், சிப்பிப்பாறைக்கு ஒரு நாய், கோம்பைக்கு ஒரு நாய் இருக்கிற மாதிரி நம் ராமநாதபுரத்துக்கு மண்டை என்று ஒரு நாய். சித்தப்பா வீட்டில் இருந்தது அதுதான். மண்டைக்கு ஏற்ற வாய். அதில் ஒரு சிக்கல். நாயின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் ஒன்று. என்ன பெயர் என்று கேட்காதீர்கள், மாப்பிள்ளை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தி வந்து இறங்கியதிலிருந்து சித்தப்பா நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஏய்', 'டேய்', 'இந்தா', அவ்வளவுதான். நாயும் பாவம், நம்மை வீட்டை விட்டு விலக்கிவிட்டார்களோ என்று குழம்பித் திரிந்தது.

விடிந்தது. சம்பந்தி டம்ளரைத் துழாவுகிறார். தண்ணீர் இல்லை. கீழ்செட்டு இருக்கிறது, மேல்செட்டு இல்லை. கவனியுங்கள், முதலில் தண்ணீரைக் குடித்திருக்கிறது, அப்புறம்தான் பல்லை எடுத்திருக்கிறது. ஒழுக்கமான நாய். கொல்லைப்பக்கம் ஓடிப் பார்த்தால், கருவேல மரத்தடியில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. ரோஸ் நிறத்தில் ஈறு, வரிசையாக 14 பல்.

சித்தப்பாவுக்குப் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோனது. தெருவே கேட்கிற மாதிரி நாயின் பெயரைச் சொல்லி, 'வாயைத் தொறடா! தொறக்கப் போறியா, கம்பை எடுக்கவா?' என்றார். உள்ளே அரைத்தூக்கத்தில் இருந்த மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்துவிட்டார்.

கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். நடுவர் ஐயா, இது என் நேரத்தில் சேராது. வாயைத் திறந்தாரா? திறந்தவர் மூடவில்லை. மாமனார் வீட்டில் முதல் காலை, ஏதோ ஊட்டிவிடுகிற சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதைப் பார்த்த அவர் அம்மாவுக்கு வேறு நினைப்பு. 'கல்யாணமாகி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள எம்புள்ளைக்குக் கம்பா?' என்று அழ ஆரம்பித்துவிட்டார். சம்பந்திக்குக் கோபம். திட்ட வாயைத் திறக்கிறார், பல் இல்லாமல் காற்றுதான் வருகிறது. எல்லாரும் வாயைத் திறந்திருக்கிறார்கள், வாயை மூடியிருப்பது நாய் மட்டும். அது கடைசியில் வாயைத் திறந்தபோது செட்டு மூன்று துண்டு.

அப்புறம் மன்னிப்புப் படலம். சித்தப்பா கேட்டார். சித்தி கேட்டார். அப்பத்தா நாயின் சார்பில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயமே தெரியாமல் வந்து கேட்டார்கள். எதிரணிக்கு என்ன வேண்டுமோ அது அன்று அந்த வீட்டில் குறைவில்லாமல் நடந்தது. மத்தியானம் இலை போட்டு நண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். மஞ்சளும் மிளகும் அரைத்துப் போட்டு, கொடுக்கு ஒவ்வொன்றும் விரல் பருமன். எதிரணித் தலைவி அம்மாவைக் கேட்கிறேன். அந்தக் கொடுக்கைப் பார்த்து நீங்கள் மனதார மன்னிப்புக் கேளுங்கள், ஓடு உடைகிறதா பார்ப்போம். சம்பந்தி கொடுக்கை எடுத்தார், உருட்டிப் பார்த்தார், இலையில் வைத்தார். ரசம் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் புத்தி வந்தது. வந்ததும் பாதிதான் வந்தது. 'சம்பந்தி, போனது மேல்செட்டு மட்டும்தான், அதனால பாதி விலை நான் தர்றேன்' என்றார். சம்பந்தி ஈறாலேயே சொன்னார், 'அப்ப மாப்பிள்ளைய இடுப்பு வரைக்கும் இங்க வச்சுக்கங்க, மீதிய நான் கூட்டிட்டுப் போறேன்.'

ராமநாதபுரத்தில் பல் டாக்டரிடம் போனார்கள். பழைய கீழ்செட்டோடு புது மேல்செட்டு சரியாகக் கடிக்காது, இரண்டையும் செய்துவிடுவோம் என்றார் டாக்டர். சித்தப்பா முழுப்பணமும் கட்டினார். பல்செட்டு கடையில் தொங்குகிற சாமான் இல்லை. ஒரு நாள் வாய் அளவு எடுக்க வேண்டும், ஒரு நாள் மேலும் கீழும் எப்படிக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு நாள் மெழுகில் பல்லைப் பதித்து வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் உருப்படி கைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் சம்பந்தி மதுரையிலிருந்து வர வேண்டும். வந்தார். வந்தால் எங்கே தங்குவார்? சித்தப்பா வீட்டில். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி, இப்போது மாப்பிள்ளையும் மகளும் கூட அவ்வளவு பேசிக்கொள்வதில்லை. மன்னிப்போடு விட்டிருந்தால் அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருப்பார், திரும்பி வந்திருக்கவே மாட்டார். உறவைக் காத்தது எது, நடுவர் ஐயா?

இதற்கு மேல் வாதம் வேண்டுமா? வேண்டாம். ஆனால் எதிரணித் தலைவி அம்மா ஒரு குத்து குத்திவிட்டுப் போனார்கள், அதை விட்டுவிட முடியாது. 'எதிரணி நண்பர் வீட்டு நாய்க்குக் கழுத்தில் பட்டை இருக்காது, கியூஆர் கோடுதான் தொங்கும்' என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா, கியூஆர் கோடு யார் மாட்டுவார்? பணம் வாங்குகிறவர். டீக்கடைக்காரர் மாட்டுவார், டீ குடிக்கிறவரா மாட்டுவார்? நான் பணம் கொடுக்கச் சொல்கிற கட்சி. நாய் என்னுடையது, செருப்பு உங்களுடையது, பணம் என்னிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். அப்படியென்றால் கியூஆர் கோடு விருந்தாளி கழுத்தில் அல்லவா தொங்க வேண்டும்! வரட்டுமே. பெண் பார்க்க வரும்போதே தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, நடுவில் கியூஆர் கோடு. டீக்கடையில் பேசுகிற பெட்டி ஒன்று இருக்கிறதே, அதையும் கைப்பையில் போட்டுக் கொண்டுவரட்டும். பூனை பட்டுச் சேலையை ஒரு கீறல் கீறியதும், 'ரூபாய் ஐந்நூறு பெறப்பட்டது' என்று பெட்டி கத்தும். முந்தானையை ஆடு மென்றால் 'ரூபாய் இரண்டாயிரம் பெறப்பட்டது'. மனசில் கசப்பில்லாமல் எல்லாரும் சாப்பிட உட்காரலாம். நீங்கள் சொல்கிற வழியில் என்ன நடக்கும்? விருந்தாளி வாயால் 'பரவாயில்ல' என்பார். வீட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் அந்தச் சேலையைப் பேசுவார்.

சட்டத்தையும் இழுத்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, வளர்க்கிற பிராணியைக் கவனிக்காமல் விட்டு மனித உயிருக்கு ஆபத்தோ பெரிய காயமோ வரும் நிலை இருந்தால்தான் பேசும். பல்செட்டுக்கு அது வாயைத் திறக்காது. சரி, சட்டத்தை விடுங்கள். நம் கடற்கரைக்கு வாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்தார்களே, எதனால்? விசைப்படகு போகிற போக்கில் நாட்டுப்படகுக்காரன் வலையை அறுத்துக்கொண்டு போய்ப் போய் வந்த சண்டையால். வலை அறுந்தவன் கரையில் ஊர்ப்பெரியவர்கள் முன்னால் என்ன கேட்கிறான்? 'என்னைப் பார்த்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லச் சொல்லுங்க' என்றா கேட்கிறான்? வலைக்கு வலை கேட்கிறான்.

'விருந்தாளியே பரவாயில்லை என்ற பிறகு எதற்குப் பணம்' என்று எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் கேட்டார். தம்பி, யார் பரவாயில்லை என்கிறார் என்று பாருங்கள். வசதியான விருந்தாளி செருப்புக்கே பஞ்சாயத்து வைப்பார். இல்லாதவர்தான் உடனே பரவாயில்லை என்பார். ஈடு கேட்டால் இனி இந்த வீட்டுக்கு வர முடியாதோ என்று அவருக்குப் பயம்.

பாம்பன் சின்னப்பாலத்தில் எனக்கு ஒரு பெரியம்மா. கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். எல்லா நாளும் போக முடியாது. அமாவாசை, பௌர்ணமி நீர் பார்த்துத்தான். 1986இல் மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு 21 தீவுப் பக்கமும் கட்டுப்பாடு வேறு. கிடைக்கிற நாள்தான் கூலி. அந்தப் பெரியம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கினார். பைக்குள் இருந்த கண்ணாடியை எங்கள் நாய்க்குட்டி இழுத்துப்போட்டு, சுற்றியிருந்த ரப்பரை மென்றுவிட்டது. ரப்பர் போனால் தண்ணீர் உள்ளே வந்துவிடும், பாசியும் தெரியாது பாறையும் தெரியாது.

பெரியம்மா பார்த்தார். 'பரவால்லத்தா, வாயில்லாத சீவன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாசிக்கு இறங்குகிற நீர் மறுநாள்.

எங்கள் அம்மா அதிகம் பேசாதவர். கோழி விற்ற காசு அடுக்குப்பானைக்குள் இருந்தது, எனக்கு ஸ்கூல் பைக்காகச் சேர்த்தது. அதை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ராமேசுவரம் போய்க் கடை கடையாக ஏறி ஒரு கண்ணாடி வாங்கினார். விடியும் முன்னால் சின்னப்பாலம் கரையில் நிற்கிறோம். வள்ளம் தள்ளப்போகிறார்கள். அம்மா மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்து, 'இறுக்கமா இருக்கா, போட்டுப் பாருக்கா' என்றார். பெரியம்மா போட்டார். போட்டவர் கழற்றினார். முந்தானையால் உள்ளே துடைத்தார். திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றித் துடைத்தார். வெளியிலிருந்து தண்ணீர் வராமல் இருக்கத்தானே அந்தக் கண்ணாடி, ஐயா? உள்ளேயிருந்து வருகிற தண்ணீருக்கு எந்தக் கடையில் கண்ணாடி இருக்கிறது?

நான் அந்த வருஷம் பழைய பையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். அம்மா இப்போது இல்லை. பெரியம்மா இருக்கிறார், கடலுக்கு இப்போது போவதில்லை, இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன், முழங்கால் வலி.

மணி அடித்துவிட்டீர்கள். நீங்கள் எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் சரி, நடுவர் ஐயா. ஆனால் எங்கள் அணிக்கு எதிராகச் சொன்னால் என் அம்மாவுக்கு எதிராகச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வேன், இந்தத் தாய்மார்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி உங்களுக்குச் சாப்பாடு போடப்போவது அவர்கள்தான். வணக்கம்.