நடுச்சுவர் போனதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பம்

வணக்கம் மக்களே. ஹாலையும் பக்கத்து பெட்ரூமையும் சேர்த்து ஒரே ஃபேமிலி ரூமா ஆக்கணும்னு பெங்களூர்ல நம்மாளுங்க நிறைய பேர் பிளான் போடுறீங்க. சோபா எங்கே, டிவி எங்கேன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல நடுவுல நிக்கிற சுவரு எந்த ஜாதி சுவருன்னு தெரியணும்.

தட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கதவு நிலைகிட்ட பூச்சோட சேர்த்து டேப் வெச்சு அளங்க. அஞ்சு இஞ்ச் வந்தா பெரும்பாலும் 4 இஞ்ச் சாலிட் பிளாக், வெறும் தடுப்புச் சுவரு. ஆனா மெலிசா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க. மிவான் முறையில, அதாவது அலுமினிய அச்சு வெச்சு கான்கிரீட் ஊத்திக் கட்டின அபார்ட்மென்ட்ல, சுவரெல்லாமே கம்பி போட்ட கான்கிரீட். மேல இருக்கிற மாடி மொத்தமும் அதுமேலதான் உட்கார்ந்திருக்கு. அங்கே கை வைக்கவே கூடாது. பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் பழைய தனி வீட்டுல 9 இஞ்ச் செங்கல் சுவருன்னா, பாரம் தாங்குற சுவருன்னே எடுத்துக்கோங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, ரெண்டு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்து, ஸ்டீல் பீம் ஏத்தணும். "ஒண்ணும் ஆகாது சார்"னு மேஸ்திரி சொல்றது கணக்குல சேராது. அபார்ட்மென்ட்னா அசோசியேஷன் அனுமதியையும் எழுத்துல வாங்கிடுங்க.

சரி, தடுப்புச் சுவருதான்னு வெச்சுக்குவோம். 10 அடி நீளம், 9 அடி உயரம்னா, பூச்சோட சேர்த்து ரெண்டு டன் இடிபாடு வரும். 25 கிலோவா கட்டினா 80 மூட்டை. வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம்னு கணக்கு வெச்சுதான் டிசைன் பண்றாங்க. அதனால மூட்டையை ஒரே மூலையில குவிக்காம அன்னன்னிக்கே கீழே இறக்கிடணும். இடிக்கிறதும் மேலேர்ந்து வரிசை வரிசையாத்தான். அடியில தட்டினா மொத்தமா சாயும்.

இடிக்கிறது ஒரு நாள் வேலை. சுவரு விட்டுட்டுப் போற தழும்புதான் பட்ஜெட்டைத் தின்னும்.

தரையில அஞ்சு இஞ்ச் அகலத்துக்குப் பள்ளம் விழும். அதைவிடப் பெரிய தலைவலி, ரெண்டு ரூமுக்கும் டைல்ஸ் தனித்தனியா போட்டிருப்பாங்க. மட்டமும் ஒத்துவராது, கோடும் சேராது. அதனால இடிக்கிறதுக்கு முன்னாடியே டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) பிடிச்சு மட்டம் பாருங்க. நாலஞ்சு மில்லி வித்தியாசம்னா, ரெண்டு ஓரத்தையும் கட்டர்ல நேரா வெட்டி, 7 இஞ்ச் அகலத்துல கருப்பு கிரானைட் பட்டை போட்டுடலாம். அரை இஞ்ச் தாண்டினா பட்டை காப்பாத்தாது, கால் தடுக்கும். ஒரு ரூமை முழுசா மாத்தித்தான் ஆகணும். பழைய டைல்ஸ் கலர்லயே தேடி அலையாதீங்க, பேட்ச் மாறினாலே ஷேடு மாறிடும்.

மேலே பீம் இருந்தா ஒரு அடி வரைக்கும் தொங்கும். அதை மறைக்கிறேன்னு ரூம் முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டா, இருக்கிற உயரமும் போயிடும். சீலிங் கலரையே பீமுக்கும் அடிச்சு விட்டுடுங்க, என்னைக் கேட்டா அதுதான் அழகு. பக்கச் சுவர்ல பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேர்ற இடத்துல கோழி வலை அடிக்காம பூசினா, கொஞ்ச நாள்ல நேர்கோடா விரிசல் விடும்.

அந்தச் சுவர்ல ஸ்விட்ச் போர்டு இருக்கா? ஒயரை முடிச்சுப் போட்டு பூச்சுக்குள்ள புதைக்க விடாதீங்க. சீலிங் ஜங்ஷன் பாக்ஸ்லேர்ந்து பக்கச் சுவருக்குப் புதுசா இழுக்கணும். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லி ஒயர். இனிமே ஒரே ரூமுக்கு ரெண்டு எம்சிபிலேர்ந்து (மெயின் பாக்ஸ்ல இருக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) கரண்ட் வரும். ஒண்ணை ஆஃப் பண்ணிட்டு மொத்தமும் ஆஃப்னு யாராவது கை வைப்பாங்க. டிபி பாக்ஸ்ல, அதான் அந்த மெயின் பாக்ஸ்ல, ரெண்டையும் எழுதி ஒட்டிடுங்க.

கடைசியா ஒண்ணு. பெட்ரூம் கதவு வேற சுவர்ல இருந்தா, அது இனி தேவைப்படாது. நிலையை எடுத்துட்டு அந்த வாசலை அடைச்சா டிவிக்கு முழுச் சுவரு கிடைக்கும். இதையும் பிளாக் வேலையோடவே முடிச்சுடுங்க, பெயின்ட் அடிச்ச பிறகு ஞாபகம் வந்தா திரும்பவும் தூசி.