காசு வாங்காமல் படம் காட்டினால் எப்படிக் கட்டுபடியாகும்?

காட்சி: செல்லூரில் ஒரு வீட்டுத் திண்ணை. ஈரத்துணியில் மல்லிகை மொட்டு. செம்பில் சாய்த்து வைத்த போன்.

குரல்:
இது என் சித்தி வீட்டுத் திண்ணை. காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய பூவைச் சித்தி கட்டிக்கொண்டிருக்கிறார். போனில் யூடியூபில் ஒரு பழைய படம். பாட்டு பாதியில் நின்று சலவைத்தூள் விளம்பரம் வருகிறது. இரண்டு கையிலும் நாரும் பூவும் இருக்கும்போது ‘ஸ்கிப்’ பட்டனை யார் அழுத்துவது? விளம்பரம் முழுசாக ஓடி முடிகிறது.

“ஏப்பா, டிக்கெட்டும் இல்ல, மாசக் காசும் இல்ல. இவங்களுக்கு எப்படிப்பா கட்டுபடியாகுது?” என்று சித்தி கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்த வீடியோ.

காட்சி: பூ மார்க்கெட், விடியற்காலை. தராசு, சாக்கு மூட்டைகள்.

குரல்:
படத்துக்கு நடுவே விளம்பரம் வரும் அந்த இடம் ஒவ்வொரு முறையும் ஏலத்துக்குப் போகிறது. மதுரையில் ஒருவர், மாலை நேரம், தமிழ்ப் படம், கையில் போன். இந்த விவரத்தை வைத்துக்கொண்டு விளம்பரக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் விலை கேட்கின்றன. நாம் கண் சிமிட்டுவதற்குள் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும்.

மல்லிகை விலை எப்படி ஏறி இறங்கும் என்று சித்திக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், வரத்து கூடினால் சரிந்துவிடும். மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டும். விளம்பர இடமும் இப்படித்தான், தீபாவளி நெருங்கினால் கிராக்கி. அந்த நொடி போய்விட்டால் திரும்ப விற்க முடியாது. விலை போகாத பூ சென்ட் பேக்டரிக்குக் குறைந்த விலைக்குப் போகிறதல்லவா? அதுபோல யாரும் கேட்காத இடத்தில் மலிவு விளம்பரம் வரும், இல்லையென்றால் அந்த ஆப்பின் சொந்த நிகழ்ச்சியின் டிரெய்லரே வரும். ஒரே விளம்பரம் ஒரு படத்தில் நாலு தடவை வந்தால், அந்த இடத்தைக் கேட்க ஆள் குறைவு என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

சித்தியின் ஈரக் கைக்கும் இதில் பங்கு உண்டு. தள்ளிவிடக்கூடிய விளம்பரங்களில் ஒரு வகைக்கு, 30 நொடி பார்த்தால்தான், அல்லது விளம்பரத்தைத் தட்டினால்தான் கம்பெனி காசு கொடுக்கும். அதைவிடச் சின்ன விளம்பரம் என்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நொடியில் தள்ளிவிட்டால் ஒன்றும் கிடையாது.

காட்சி: கரும்பலகையில் சாக்பீஸ் கணக்கு.

குரல்:
சரி, எவ்வளவு வரும்? ஒரு பேச்சுக்கு, ஆயிரம் விளம்பரத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளம்பரத்துக்குப் பத்துப் பைசா. இரண்டரை மணி நேரப் படத்தில் 12 விளம்பரம் ஓடினால் 1 ரூபாய் 20 பைசா. யூடியூபில் முழுநீள வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. அதாவது 66 பைசா.

இந்த 66 பைசாவைத் தங்கம் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 1952-ல் திறந்தபோது ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரை மார்தட்டிக்கொண்ட இடம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கை. இன்று அந்த இடத்தில் தியேட்டர் இல்லை என்பதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். அங்கே ஒரு ஷோ ஹவுஸ்ஃபுல் ஆன 2,500 பேர் இன்று போனில் படம் பார்த்தால், படத்தின் உரிமையோடு சேனல் நடத்துபவருக்கு வருவது 1,650 ரூபாய். புதுப்படம் ஏன் இலவசமாக வருவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். போட்ட முதலை எப்போதோ எடுத்துவிட்ட பழைய படத்துக்கு, இனி வருவதெல்லாம் கூடுதல் வரவு. அதை இலவசமாக விடலாம்.

அப்புறம் செலவு. தூர்தர்ஷன் 2004-ல் தொடங்கிய இலவச டிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் மாதக் கட்டணம் தருவதில்லை, இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் காசு கட்டுகின்றன. செயற்கைக்கோளில் இருந்து வரும் சிக்னல் ஒன்றுதான். மேலூரில் இன்னும் நூறு வீடு டிஷ் வைத்தாலும் அனுப்புபவருக்குச் செலவு கூடாது. இணையத்தில் அப்படி இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடும்.

கிரிக்கெட்டில் இது நன்றாகத் தெரியும். 2023 முதல் ஐந்து ஐபிஎல் சீசன்களின் இந்திய டிஜிட்டல் உரிமைக்கு, ஜியோசினிமா ஆப்பை நடத்திய வயாகாம்18 கம்பெனி கொடுத்த விலை 23,758 கோடி ரூபாய். 2023-ல் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். 2025-ல் ஹாட்ஸ்டாருடன் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் சந்தாப் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய விலையை விளம்பரத்தை மட்டும் நம்பி எடுப்பது கடினம் என்பதே என் கணிப்பு.

காட்சி: மறுபடி திண்ணை. பூப்பந்து பாதி முடிந்திருக்கிறது.

குரல்:
“அந்த 66 பைசா படம் எடுத்தவருக்குப் போகுமா?” என்றார் சித்தி. உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் போகும். இணையம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே மொத்தமாக ஒரு தொகைக்கு உரிமையை எழுதிக் கொடுத்த தயாரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் படம் இன்றும் ஓடுகிறது, வரவு வாங்கியவருக்கு. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

உரிமையே இல்லாமல் ஏற்றுபவர்கள் வேறு. 2007 முதல் யூடியூபில் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு இருக்கிறது. யாராவது படத்தைத் திருடிப் போட்டால் உரிமைக்காரர் அதைத் தடுக்கலாம், அல்லது விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அதற்குத் தப்பத்தான் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகத் திருப்பி, ஓரத்தை வெட்டி, குரலைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறார்கள். படத்தில் எல்லோரும் இடது கையால் சாப்பிட்டால், கடைப் பலகையில் எழுத்து இடம்வலம் மாறித் தெரிந்தால், அது திருட்டுப் பிரதி.

“அதான் போன வாரம் பார்த்த படத்துல பந்தியில உக்காந்த அத்தனை பேரும் இடது கையா?” என்று சித்தி நாரைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். “சேனல் பேரு எங்கப்பா போட்டிருக்கும்? காட்டு.”

காட்சி: திரையில் வீடியோ தலைப்புக்குக் கீழே, சேனல் பெயரின் மேல் ஈர விரல்.