சிறு வெட்டுக்காயத்துக்குக் கைகொடுப்பது துவர்ப்பு மூலிகையே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, மட்டக்களப்பு வாழ் பெருமக்களே, வணக்கம்.

சிறு காயத்தில் கசியும் இரத்தத்தை நிறுத்தக் கைகொடுப்பது மூலிகையா, மருந்துப்பெட்டியா என்பதுதான் தலைப்பு. கடுக்காய் போன்ற துவர்ப்பு மூலிகையே என்பது எங்கள் அணி. அது மூடநம்பிக்கை என்பது எதிரணி. எதிரணித் தலைவரோ ஏற்புவலி, சீழ், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டார். ஏற்புவலியைக் கடுக்காய் தடுக்கும் என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை. அதற்குத் தடுப்பூசிதான் வழி. பீறிடும் இரத்தமும் ஆழமான வெட்டும் மருத்துவருக்கே உரியவை. சுத்தமான நீரில் கழுவி அழுத்திப் பிடிப்பது இரு அணிக்கும் பொது. நாங்கள் வாதாடுவது, படுவான்கரையில் புல்லறுக்கும்போது தாக்கத்தி பட்ட விரல் நுனிக்காகவும், வாழைக்காய் சீவும்போது கீறிக்கொண்ட கைக்காகவும் மட்டுமே.

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில், அது இற்றுப்போகாமல் இருக்கக் கண்டற்பட்டையை அவித்த சாற்றில் மீனவர்கள் அதைத் தோய்த்தெடுத்தார்கள். அந்தப் பட்டையில் உள்ள, துவர்ப்பைத் தரும் தனின் வகைப் பொருள்தான் ஆவாரம்பட்டையிலும் மாதுளந்தோலிலும் இருக்கிறது. காய்ந்த கடுக்காய்த் தோலிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை இருக்கிறது. அது காயத்தின் மேற்பரப்பிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றை இறுகச் செய்து மெல்லிய படலமாக்குவதால், நுண்ணிய குழாய்களின் கசிவு அடங்குகிறது. இரத்தத்தை நிறுத்த நான்கு வழிகள் சொல்லும் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, துவர்ப்பைக் காயத்தின் வாயைக் கூட்டுவதற்கு வைத்தது. காயத்தைச் சூட்டால் சுடுவதைக் கடைசி வழியாக ஒதுக்கியது. இந்த வரிசை கண்மூடித்தனத்தில் பிறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எதிரணி நண்பர் ஒருவர், 1925 இல் டிட்ரொயிட் நகரத்து மருத்துவர் எட்வர்ட் டேவிட்சன் தீக்காயங்களுக்குத் தனின் வகையைச் சேர்ந்த ‘தனிக் அமிலம்’ பூசும் முறையைக் கொண்டுவந்ததையும், ஈரலைப் பாதிக்கிறதென்று 1940களில் அது கைவிடப்பட்டதையும் எடுத்துக்காட்டினார். செய்தி சரி, நல்ல வாதமும்கூட. ஆனால், தோலுரிந்த உடற்பரப்பு முழுவதும் பூசியதால் உடலுக்குள் ஊறிய மருந்தையும், விரல் நுனியில் ஒரு சிட்டிகை வைக்கும் கடுக்காய்ப் பொடியையும் அவர் ஒரே தராசில் நிறுத்துகிறார்.

நடுவர் அவர்களே, சலூனில் சவரக்கத்தி பட்டுக் கன்னத்தில் இரத்தம் துளிர்த்தால் அங்கே தேய்ப்பது படிகாரக் கல். அது மூலிகையல்ல, உப்பு. ஆனாலும் அது புரதத்தை இறுகச் செய்வதும் இதே துவர்ப்புத் தொழிலால்தான். மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு மேடையேறியிருக்கும் எதிரணித் தலைவர், அந்தக் கல்லை ஏற்றுக்கொண்டு கடுக்காயை மட்டும் மூடநம்பிக்கை என்பது எந்த நியாயத்தில் என்று அவரே இந்த மேடையில் விளக்கட்டும்.