அரங்கு வீட்டு இருமல்

நேயர்களுக்கு வணக்கம். காசநோய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோன நாளில் இருந்து தொடங்குகிறேன்.

தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ஆச்சி மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தூள் பறக்கும் என்று ஃபேன் போடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. மகன் எங்கே என்றேன். "உள்ள அரங்குல கெடக்கான் அய்யா. பிள்ளையளுக்கு ஒட்டிரக் கூடாதுல்லா." அரங்கு வீடு உங்களுக்குத் தெரியும், வீட்டின் உள்ளறை; பகலிலேயே விளக்கு வேண்டும். வாசலில் அவனுக்கென்று ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்திருந்தன. ராத்திரி துணைக்குப் பேரன் அதே அரங்கில்தான் படுக்கிறானாம்!

தட்டில் இந்த நோய் ஒட்டாது. டம்ளரிலும் ஒட்டாது. நோயாளி இருமும்போது தெறிக்கிற நுண்துளி உலர்ந்து, கிருமி காற்றில் நிற்கிறது. அடைத்த அறையில் மணிக்கணக்காக நிற்கும். வெயில் பட்டால் சாகும். அந்தத் தட்டைத் தனியே வைத்ததில் பயன் ஒன்றும் இல்லை. பேரனுக்கு ஆபத்து அந்த அறையின் காற்றில் இருந்தது. அன்றைக்கே கட்டிலைத் தார்சாவுக்கு இழுத்துப் போட்டு ஜன்னலைத் திறந்தோம். பேரனைத் திண்ணைப் பக்கம் படுக்க வைத்து, மறுநாள் பரிசோதனைக்கும் கூட்டிப்போனோம்.

சென்னையில் 1956-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதிப் பேர் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்று. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. பரவுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால்தான். அந்த ஆய்வுக்குப் பிறகு உலகமே நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் முறைக்கு மாறியது. நம்ம சென்னை சொல்லிக்கொடுத்த பாடம் இது. நம்ம வீடுகளில் இன்னும் தட்டைத்தான் பிரிக்கிறோம்.

சரி, உள்ளே போன கிருமி என்ன செய்கிறது? நுரையீரலின் காற்றுப்பையில் இறங்கும். உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடும். நூறு பேருக்குத் தொற்றினால் நோயாக மாறுவது 5 முதல் 10 பேருக்குத்தான். சர்க்கரை, சத்துக் குறைவு, பீடி, எச்.ஐ.வி. இவையெல்லாம் அந்தச் சுவரை இளக்கும். சுவர் இடிந்தால் உள்ளே சதை திரிந்த பால் மாதிரி ஆகிக் குழி விழும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறக்கம், சளியில் ரத்தம் எல்லாம் அப்போது வருவதுதான். கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, மூளை உறை என்று வேறு இடத்துக்கும் போகும். அங்கே மட்டும் இருந்தால் பொதுவாக அடுத்தவருக்குப் பரவாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலோருக்கு ஆறு மாதம், இலவசம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், அப்போது நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். சிறுநீர் சிவப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுங்கள். அதுவரை அரங்கில் படுக்காதீர்கள். வணக்கம்.