கஞ்சி ஊற்றுபவரும் பத்திரம் வாங்குபவரும்

நேயர்களுக்கு வணக்கம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். ஆகையால் முதுமையையும் சொத்தையும் சேர்த்தே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குகிறார். முதிய தாய் மகளின் கையால் உண்டு வாழ்கிறாள். மேகாலயாவின் காசி மக்களிடமும் கடைசி மகளே குடும்ப வீட்டைப் பெற்றுப் பெற்றோரைப் பேணுகிறாள். இவ்விடங்களில் பணிவிடை செய்பவளுக்கே வீடும் சேருகிறது. மற்ற இடங்கள் பலவற்றில், சட்டம் என்ன சொன்னாலும், வழக்கத்தில் சொத்து மகனுக்கு, பணிவிடை மருமகளுக்கு.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு முதியவர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், வீட்டை இளைய மகனுக்குத் தான செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் கொடுக்கும் பத்திரம், எழுத வந்தார். "ஆயுள்வரை உணவும் மருத்துவமும் அளிக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாமா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த புள்ளகிட்ட கஞ்சிக்குக் கையெழுத்து வாங்கச் சொல்றீகளா?" என்றார். மகன் தலை குனிந்து நின்றார். பின்னால் நின்ற மருமகள்தான் வாய் திறந்தாள்: "எழுதுங்கய்யா. அப்பத்தான் நாளைக்கு, சும்மா எழுதி வாங்கிட்டாகன்னு யாரும் எங்களச் சொல்ல முடியாது." நிபந்தனை பெற்றோருக்கு மட்டுமே காவல் என்று நாம் எண்ணுகிறோம், பேணுபவருக்கும் அதுவே காவல் என்பதை அந்தப் பெண் கண்டிருந்தாள். முதியவர் இசைந்தார், "உணவு" என்ற சொல்லுக்கு முன் "மீனோடு" என்று சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

ஜப்பானில் 2019 ஜூலை முதல், மாமனார் மாமியாரை ஊதியமின்றிப் பேணிய மருமகள், வாரிசாக இல்லாவிட்டாலும், வாரிசுகளிடம் பணம் கோரலாம். நம் வாரிசுரிமைச் சட்டத்தில் அவளுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஆகவேதான் பத்திரத்திலேயே எழுதுங்கள் என்கிறேன், திரும்பவும் சொல்கிறேன், எழுதுங்கள்.

நேரமாகிவிட்டதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவின்படி, பேணும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பேணாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ரத்து செய்யக் கோரலாம். நிபந்தனை இருந்ததா என்பதே வழக்குகளில் பெரும் வாதம். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுதிய பத்திரங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது. அப்படி முன்பே எழுதிக் கொடுத்த பெற்றோர் பராமரிப்புத் தொகை கோரி அதே தீர்ப்பாயத்தை அணுகலாம். வணக்கம்.